தவணையில் வந்த பண்டிகை

தெலுங்கில் தவணைக்கு ‘வாயிதா’ என்று பெயர். நாம் தமிழில் ‘வாய்தா’ என்றால் நீதிமன்றத்தில் வழக்கைத் தள்ளிவைப்பதைச் சொல்லுகிறோம். இரண்டும் ஒரே சொல்தான். வாக்குறுதி என்ற பொருளுடைய அரபுச் சொல் உருது வழியாக இரு மொழிகளுக்கும் வந்திருக்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சொல்லை இரண்டு பொருளிலும் அறிந்தவர்கள். கடனுக்குத் தெலுங்கில் ‘அப்பு’ என்பார்கள். நம்முடைய சபையில் ஒரு குழந்தையை வீட்டார் செல்லமாக அப்பு என்று அழைக்க, பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டியம்மாள், “பிள்ளைக்கு இந்தப் பெயரா வைப்பார்கள்?” என்று வருத்தப்பட்டார்கள். பெயரை மாற்றவில்லை. ஆனால் மாதத்தின் ஐந்தாம் தேதி அந்தத் தகப்பனார் கைபேசியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறபோதெல்லாம் பாட்டியம்மாளின் நினைவு எனக்கு வரும்.

டிசம்பர் பிறந்துவிட்டால் திருப்பதியின் கடைவீதிகளில் சோபாவும் பீரோவும் சிறு லாரிகளில் ஏறி நகர்வதைக் காணலாம். தசராவிலும் தீபாவளியிலும் தொடங்கும் வியாபாரம் சங்கராந்தி வரையில் ஓயாது. நம்முடைய பண்டிகை அதன் நடுவில் வருகிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் கிறிஸ்துமஸை ஆசரிப்பவர்களும் உண்டு, ஆசரியாதவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்கு இப்பொழுது நான் வரவில்லை. நட்சத்திரம் கட்டாத வீடுகளிலும் டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு முன்பாகப் புது பீரோ வந்து இறங்குவதை நான் கண்டதுண்டு என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஏன் டிசம்பர்? நகரத்துக்கு வந்தவர்களின் வீட்டுக்கு மற்ற மாதங்களில் யாரும் வருவதில்லை. டிசம்பரில் எல்லாரும் வருகிறார்கள். ஊரிலிருந்து மாமியார் வருகிறார், கேரல் பாடும் வாலிபர் கூட்டம் வருகிறது, வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இருபது பேர் வருகிறார்கள். பாயில் அமர்வதில் எவருக்கும் குறைவில்லை என்று நாம் சொல்லலாம். வீட்டுக்காரிக்கு அப்படித் தோன்றுவதில்லை. சித்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் திண்ணை இருந்தது, வேப்பமரத்தடி இருந்தது, வந்தவர்கள் அங்கே உட்கார்ந்தார்கள். திருப்பதியில் இரண்டாம் மாடியில், பத்துக்குப் பத்து அறையில் திண்ணை எங்கே இருக்கிறது? ஆகையால் சோபா வேண்டியிருக்கிறது. இதை ஆடம்பரம் என்று சட்டெனக் கண்டிக்கிறவர்கள் அநேகமாகச் சொந்த வீட்டில் சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு கண்டிக்கிறவர்களே.

இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தின் நான்காம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று வியப்பாக இருக்கும். அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு விதவை வருகிறாள். கணவன் வைத்துவிட்டுப்போன கடனுக்காகக் கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். அதே அதிகாரத்தில், சற்றுத் தள்ளி, சூனேம் ஊராளாகிய வசதியுள்ள ஸ்திரீ, வழிப்போக்கனாக வரும் தீர்க்கதரிசிக்கு ஒரு மேலறை கட்டி, கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு என்று நான்கே பொருள்களைப் போடுகிறாள். ஒரு வீட்டில் கடன், மறு வீட்டில் தட்டுமுட்டு. வேதத்தை எழுதியவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். நம்முடைய நாட்களிலோ இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன.

தவணை முறை நமக்குப் புதியதல்ல. அமெரிக்காவில் சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தார் 1850-களிலேயே தவணைக்கு விற்கத் தொடங்கினார்கள். நம்முடைய பாட்டிமாரின் தையல் மிஷின்கள் பல அவ்வாறு வந்தவையே. தமிழ்நாட்டில் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் கன்னியாகுமரி மாவட்டத்து வி.ஜி.பன்னீர்தாஸ். கடிகாரமும் ரேடியோவும் மாதச் சம்பளக்காரனுக்கு எட்டியது அவர் போன்றோரால்தான். அந்த நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த எச்.வசந்தகுமார் 1978-இல் தனிக்கடை தொடங்கி, பின்னாளில் கன்னியாகுமரித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, 2020 ஆகஸ்டில் கொரோனாவால் மரித்தார். அந்தக் காலத்துத் தவணையில் கடைக்காரருக்கு வாங்குகிறவனின் முகம் தெரியும். பணம் கட்டாவிட்டால் ஆள் வந்து திண்ணையில் உட்காருவார். காப்பி கொடுத்து அடுத்த மாதம் என்று சொல்லலாம். வாடகைக் கொள்முதல் என்ற அந்த ஏற்பாட்டில் கடைசித் தவணை வரைக்கும் பொருள் விற்றவனுக்கே சொந்தம். அதற்கென்று 1972-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வராமலே 2005-இல் நீக்கப்பட்டது.

இன்றைய முறை வேறு. கடையில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் மடிக்கணினியோடு அமர்ந்திருக்கிற இளைஞன் கடைக்காரனுடைய ஆள் அல்லன். நிதி நிறுவனத்தின் ஆள். சோபா வீட்டுக்கு வருமுன்னே அந்த நிறுவனம் கடைக்குப் பணத்தைச் செலுத்திவிடுகிறது. அந்த நொடியிலிருந்து சோபா உங்களுடையது, கடன் நிதி நிறுவனத்துடையது, கடைக்காரருக்கு உங்களோடு ஒரு கணக்கும் இல்லை. சோபாவின் கால் உடைந்துவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தவணையை நிறுத்தியவர்கள் நம் மத்தியில் உண்டு. சோபாவும் போகவில்லை, தவணையும் நிற்கவில்லை. இதை எழுதும்போது எனக்குப் பரிச்சயமான அந்த மடிக்கணினி இளைஞர்களை நான் குறைகூற விரும்பவில்லை. அவர்களில் இருவர் எங்கள் வாலிபர் கூட்டத்தில் கித்தார் வாசிக்கிறார்கள். மாத இலக்கு முடியாவிட்டால் அவர்களுடைய வேலைக்கே ஆபத்து.

எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் கணக்கை, அவர்களுடைய சம்மதத்தோடு, பெயரில்லாமல் இங்கே எழுதுகிறேன். சகோதரன் திருப்பதியில் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவின் கடன் 2023-லேயே முடிந்துவிட்டது. சகோதரி வீட்டில் தைக்கிறாள். சகோதரனின் தகப்பனாருக்குச் சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையோரத்தில், இரண்டு ஏக்கர் மாந்தோப்பு உண்டு. 2024 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அவர்கள் வாங்கியவை மூன்று: சோபா செட், தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு இரும்பு பீரோ.

சோபாவின் விலை 36,000 ரூபாய். ‘வட்டியில்லாத் தவணை, பன்னிரண்டு மாதம், நான்கு மாதம் முன்பணம்’ என்று விளம்பரம். அதாவது 12,000 ரூபாயை அங்கேயே கட்டிவிட வேண்டும்; செயலாக்கக் கட்டணம் என்று 700 ரூபாய் தனி; பிறகு எட்டு மாதம் மாதத்துக்கு 3,000. வட்டியே இல்லையே ஐயா என்றாள் சகோதரி. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை சொன்னார்கள் என்று கேட்டேன். 34,500 என்றாள். அப்படியானால் அன்று அவர்கள் உண்மையில் வாங்கிய கடன், 34,500-இல் கையிலிருந்து கொடுத்த 12,700 போக, 21,800 ரூபாய். அதற்கு எட்டு மாதத்தில் திருப்பிச் செலுத்துவது 24,000. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 26 சதவீதம். வட்டியில்லா வட்டி என்பது இதுதான். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே, இப்படிப்பட்ட பூஜ்ய சதவீதத் திட்டங்களில் வட்டி செயலாக்கக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று வங்கிகளைக் கண்டித்தது. பெயர்ப்பலகை கழன்றதா என்றால் இல்லை. அடுத்த டிசம்பரில் எழுத்து இன்னும் பெரிதாயிற்று.

தொலைக்காட்சிக்கு வேறொரு நிறுவனத்தில் 30,000 ரூபாய் கடன். ‘ஒரு சதவீதம்தான்’ என்றார்கள், அதாவது மாதத்துக்கு ஒன்று. ஆண்டுக்கு 3,600 வட்டி. 33,600-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 2,800. கேட்பதற்கு 12 சதவீதம். ஆனால் கடைசி மாதத்தில் அவர்களிடத்தில் மீதியிருக்கும் கடன் மூவாயிரத்துக்கும் குறைவு. வட்டியோ அப்பொழுதும் முப்பதாயிரத்துக்கே போடப்படுகிறது. உண்மையான விகிதம் 21 சதவீதத்துக்கும் மேல். சகோதரன் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். “இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லையே, பாஸ்டர்” என்றார். வேதாகமக் கல்லூரியில் எனக்கு எபிரெயு எழுத்தைச் சொல்லித்தந்தார்கள். இந்தக் கணக்கை நான் ஒரு ஓய்வுபெற்ற வங்கி எழுத்தரிடம் அமர்ந்து கற்றேன்.

பீரோ வந்த கதை தனி. மதுரை, தேனிப் பக்கத்து இளைஞர்கள் இங்கே அறையெடுத்துத் தங்கி, மொபெட்டின் பின்னால் நாற்காலிகளை மலைபோலக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருவதைத் திருப்பதியில் இருப்பவர்கள் அறிவார்கள். வாரம் 300 ரூபாய், நாற்பது வாரம், ஒரு சிறிய அட்டை, அதில் கையெழுத்து. வட்டி என்ற சொல்லே அந்த அட்டையில் கிடையாது. தமிழில் பேசி விற்பதனால் நம்முடைய சகோதரிகளுக்கு அவர்கள்மேல் ஒரு பிரியம். “அண்ணன் நம்ம ஊர்க்காரர் ஐயா, ஒரு வாரம் விட்டாலும் ஒன்றும் சொல்லமாட்டார்” என்றாள் அந்தச் சகோதரி. உண்மைதான், ஒரு வாரம் விட்டபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றையும் கூட்டினால் மாதத்துக்கு 7,000 ரூபாய். வாடகை 6,000. ஜூலையில் தோப்புப் பணம் வந்துவிடும், மொத்தமாக அடைத்துவிடலாம் என்பது அவர்களுடைய திட்டம். மூடத்தனமான திட்டமென்று நான் சொல்லமாட்டேன்; சித்தூர்ச் சீமையில் தலைமுறை தலைமுறையாகக் கலியாணங்கள் இந்தக் கணக்கில்தான் நடந்தன. ஆனால் 2025 கோடையில் தோத்தாபுரி மாம்பழம் அளவுக்கு மீறி விளைந்தது. பழக்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. கிலோவுக்கு 12 ரூபாய், அதில் ஆலைகள் 8, அரசு 4 என்று அறிவித்தும், பலருக்கு ஆலையின் பங்கு சொன்னபடி கிடைக்கவில்லை. தகப்பனார் பறிகூலியும் வண்டி வாடகையும் போக மகனுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. பிறகு ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசு பெண்களுக்குப் பேருந்துப் பயணத்தை இலவசமாக்கியது. எங்கள் சபைச் சகோதரிகளுக்கு அது பெரிய உதவி. மகிழ்ச்சியோடு ஆராதனைக்கு வருகிறார்கள். ஆட்டோக்காரருடைய வீட்டில் மாத்திரம் அந்த மகிழ்ச்சி அவ்வளவாக இல்லை.

ஜூன் ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பிற்று. வங்கி ஒரு கட்டணம் பிடித்தது, நிதி நிறுவனம் ஒரு கட்டணம் எழுதிற்று. இரண்டு நாள் கழித்து மறுபடி முயன்றார்கள், மறுபடி கட்டணம். மூன்று மாதத்தில் இந்தக் கட்டணங்கள் மட்டுமே ஏறத்தாழ ஒரு தவணை அளவுக்கு வந்துவிட்டன. பிறகு தொலைபேசி. காலை ஆறரை மணிக்கு ஒருவன், இரவு ஒன்பதுக்கு ஒருவன். சகோதரியின் அண்ணனுக்கும், தையல் கொடுக்கும் வீட்டாருக்கும்கூட அழைப்புப் போயிற்று. நான் அவர்கள் வீட்டுக்குப் போன அன்று சோபாவின்மேல் அதன் பிளாஸ்டிக் உறை இன்னும் இருந்தது. சகோதரி தரையில் உட்கார்ந்திருந்தாள். “கழுத்தில் ஏதாவது இருந்தாலாவது வைத்திருப்பேன், ஐயா” என்றாள். இது மற்ற சபையாருக்குச் சட்டென்று விளங்காது. நம்முடைய ஜனங்களில் அநேகர் ஆபரணங்களைக் கழற்றிவிட்டவர்கள். அடுத்த வீட்டுக்காரி அவசரத்துக்கு வளையலை அடகு வைத்து, குறைந்த வட்டிக்குப் பணம் புரட்டுகிறாள். நம்முடைய சகோதரிக்கு அந்த வழி கிடையாது. பொன்னில்லாத கடனுக்கு வட்டி எப்பொழுதும் அதிகம். ஆபரணத்தைக் கழற்றியது தவறென்று நான் சொல்லவில்லை. கழற்றியவர்களுக்குச் சபையில் வேறு என்ன ஆதரவு வைத்திருக்கிறோம் என்ற கேள்வி எனக்கு அன்றிலிருந்து இருக்கிறது.

2010-ஐ மறந்தவர்கள் நம்மில் பலர். அப்பொழுது நான் சித்தூரில் இருந்தேன். சிறுகடன் நிறுவனங்கள் வாரந்தோறும் பெண்களைக் கூட்டி வசூலித்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும். கடன் கொடுத்த கை வேறு, அவமானப்படுத்திய கை வேறு. அவமானப்படுத்தியது அநேகமாகப் பக்கத்து வீட்டாரே. மாநிலத்தில் தற்கொலைகள் நிகழ்ந்தன. அவ்வாண்டு அக்டோபர் 15-இல் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, வார வசூலை நிறுத்தி, மாதத் தவணையாக்கி, வட்டி அசலை மிஞ்சக்கூடாது என்று கட்டளையிட்டது. அப்பொழுதும் கடன்கள் எல்லாம் தொழிலுக்கென்றே எழுதப்பட்டன. அவற்றில் எத்தனை தொலைக்காட்சியாக மாறின என்பதை நாங்கள் வீடு வீடாகப் போய் ஜெபித்ததனால் அறிவோம்.

இப்பொழுது கையில் சில பிடிமானங்கள் உண்டு. வாசகர்கள் அறிந்திருப்பது நலம். 2024 அக்டோபர் 1 முதல், இத்தகைய கடன் எதற்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் கொடுப்பவர் கொடுக்க வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்க வேண்டும்; கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். திருப்பதியில் இருந்தாலும் தமிழில் கேளுங்கள். இந்தத் தாளை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்பதற்காகவே, தவணை அட்டைக்குப் பேர்பெற்ற பஜாஜ் பைனான்ஸ் நிறுவனத்தின் இரண்டு கடன் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் நிறுத்திவைத்து, குறைகள் திருத்தப்பட்டபின் 2024 மே மாதத்தில் அனுமதித்தது. தவணை தவறினால் தண்டக் கட்டணம் போடலாம். அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது. வசூலுக்காகக் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது. உறவினரையும் அயலாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். வழி கேட்பதற்கான எண் 14448.

அந்தச் சகோதரனோடு அமர்ந்து ஒரு புகாரை எழுதினோம். தெலுங்கில் எழுதினோம், ஏனெனில் எங்கள் இருவருக்கும் ஆங்கிலத்தைவிட அது நேராக வந்தது. பத்து நாட்களில் காலை அழைப்புகள் நின்றன. கடன் நிற்கவில்லை, அது நிற்கவும் கூடாது. வாங்கியதைக் கட்டத்தான் வேண்டும். முதலில் எதைக் கட்டுவது என்று அவர்கள் கேட்டபோது, எவன் அதிகம் சத்தமிடுகிறானோ அவனுக்கு அல்ல, எது அதிக வட்டியோ அதற்கு என்று சொன்னேன். அக்டோபர் 4-இல் அரசு ஆட்டோ ஓட்டுநர்களுக்குக் கொடுத்த 15,000 ரூபாயில் சோபாவின் பாக்கி தீர்ந்தது. தேனி அண்ணனுக்கு மீதியிருந்த ஆறு வாரத்தையும் சகோதரி தன் தையல் கூலியில் கட்டினாள். தொலைக்காட்சி இன்னும் இரண்டு மாதம் இழுத்தது.

இதில் ஒரு வேடிக்கை. ரேணிகுண்டா விமான நிலையத்தருகேயும், ஸ்ரீசிட்டியிலும் தொலைக்காட்சிகளும் கைபேசிகளும் குளிர்சாதனங்களும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன. நம்முடைய பிள்ளைகள் பலர் அங்கேதான் வேலை செய்கிறார்கள். பகலில் தாங்கள் பூட்டிய திருகாணியையே மாலையில் தவணைக்கு வாங்கி வருகிறார்கள். 2025 செப்டம்பர் 22-இல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிக்கு வரி 28-இலிருந்து 18 சதவீதமானது. 40,000 ரூபாய்ப் பெட்டி கணக்கின்படி 36,875 ஆக வேண்டும். ‘பாஸ்டர், ஒரு வருடம் பொறுத்திருந்தால்...’ என்று சகோதரன் தொடங்கினார். சகோதரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

தவணையே பாவம் என்று பிரசங்கிக்கிற போதகர்களை நான் அறிவேன். தையல் மிஷினைத் தவணையில் வாங்கி மூன்று பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்த விதவையையும் நான் அறிவேன். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மிஷின் தன் தவணையைத் தானே சம்பாதிக்கும், சோபா உட்கார்ந்திருக்கும். அவ்வளவே நான் கண்ட வித்தியாசம்.

சூனேமியாளைப் பற்றிச் சொன்னேன்; அந்த விதவையைப் பற்றி முடிக்கவில்லை. எண்ணெயை வார்ப்பதற்கு முன்னே அவள் செய்தது, அயல்வீட்டாரிடத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் கேட்டது. தெரு முழுவதும் கொடுத்திருக்கிறது. ஒருவரும் அதற்கு வட்டி கேட்டதாக எழுதப்படவில்லை. இதைக் குறித்து எங்கள் மூப்பர்களோடு பேசி, 2025 நவம்பரில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளும், மடக்கு மேஜைகள் இரண்டும், ஒரு பெரிய ஜமக்காளமும் ரொக்கமாக வாங்கினோம். சித்தூர்ச் சாலையிலுள்ள ஒரு கடையில் விலை பேசியவர் நம்முடைய ஆட்டோ சகோதரனே. ரொக்க விலை என்ன, தவணை விலை என்ன என்று இரண்டையும் எழுதித் தரச்சொல்லி அவர் கேட்டதில் கடைக்காரர் சற்றுத் திகைத்துப்போனார். வீட்டு ஜெபக்கூட்டமோ, பெண்பார்க்க வருகிறவர்களோ, ஊரிலிருந்து மாமியாரோ, எதுவானாலும் முந்தின நாள் சொன்னால் ஆட்டோவில் நாற்காலி வந்துவிடும். பெட்ரோலுக்கு ஐம்பது ரூபாய்.

பதிவு நோட்டு அந்தச் சகோதரியிடம் இருக்கிறது. அந்த டிசம்பருக்கு இருபதாம் தேதி முதல் முப்பத்தொன்று வரை எல்லா நாட்களும் முதல் வாரத்திலேயே நிரம்பிவிட்டன. மடக்கு மேஜைக்கு மட்டும் இருபத்துநான்காம் தேதி மாலையை மூன்று வீட்டார் கேட்டிருந்தார்கள், இருப்பது இரண்டு. மூன்றாவது வீட்டுக்குத் தன் தையல் மேஜையை அனுப்புவதாக அவள் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.